வீட்டில் காருக்குப் பெயின்ட்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கறுப்பு ஆல்டோ காரின் பொனட்டுக்கு என்.சி. (நைட்ரோசெலுலோஸ்) பெயின்ட் அடித்தேன். பின்னேரம் நாலரைக்குத் தொடங்கி ஆறு மணிக்கு முடித்தேன். அடிக்கும்போது நல்ல மினுக்கம். கால் மணி நேரத்தில் வெள்ளை படர்ந்து மங்கிவிட்டது. பெயின்ட் பழுதா?
– வாசகர், கல்லடி

பதில்: பெயின்டில் பழுதில்லை. அடித்த நேரம்தான் பிழை. என்.சி. பெயின்டில் உள்ள தின்னர் ஆவியாகும்போது தகட்டின் சூட்டையும் இழுத்துக்கொண்டு போகும். அதனால் பூச்சின் மேற்பரப்பு சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடும். கடலும் வாவியும் இரண்டு பக்கமும் கிடக்கிற கல்லடியில், பொழுது சாயும்போது காற்றின் ஈரப்பதன் ஏறிக்கொண்டிருக்கும். அந்த ஈரம் குளிர்ந்த பூச்சின் மேல் நீராகப் படிந்து உள்ளே அகப்பட்டுவிடுகிறது. நீங்கள் கண்ட வெள்ளை அதுதான். வெள்ளைக் காரில் இது கண்ணுக்குப் படாது, கறுப்பில் ஒளிக்க முடியாது.

இதற்கு மேல் அப்படியே இன்னொரு கோட் அடித்து மூடாதீர்கள். அடுத்த நாள் வெயில் ஏறி, பொனட் நன்றாகக் காய்ந்த பிறகு, தின்னருடன் 10 முதல் 20 சதவீதம் ரிட்டார்டர் (மெதுவாக ஆவியாகும் தின்னர்) கலந்து, பெயின்ட் இல்லாமல் அதை மட்டும் மெல்லிய தூவலாக அடியுங்கள். மேற்பூச்சு சற்று இளகி, ஈரம் வெளியேறி, வெள்ளை மறைவதைக் கண்ணாலேயே காணலாம். மறையாமல் எஞ்சினால் 1500 இலக்கத் தேய்ப்புத் தாளால் தண்ணீர் விட்டுத் தேய்த்துப் பொலிஷ் பண்ணிப் பாருங்கள். அதற்கும் போகாவிட்டால் ஈரம் அடிவரை இறங்கியிருக்கிறது. அந்தப் பூச்சை எடுத்துவிட்டுத் திரும்ப அடிப்பதே வழி.

இனி அடிக்கும்போது காலை ஒன்பதரைக்குப் பிறகு, இரவு ஈரம் முற்றாக வடிந்ததும் தொடங்கி, பகல் இரண்டு மணிக்குள் கடைசிக் கோட்டை முடித்துவிடுங்கள். நிழலில் அடிக்க வேண்டும். வெயிலில் கை வைக்க முடியாதபடி சுட்ட தகட்டில் பெயின்ட் பரவுவதற்கு முன்பே இறுகிவிடும், உள்ளே சிக்கிய தின்னர் ஊசித் துளைகளாக வெடித்து வெளிவரும். வாடைக்காற்றும் மழையுமாக இருக்கிற கார்த்திகை, மார்கழியில் வெளிமுற்றத்தில் என்.சி. பெயின்டைத் தொடவே வேண்டாம். கச்சான் வீசுகிற மாதங்கள் உலர்வாக இருந்தாலும் தூசு பறக்கும். நாலு பக்கமும் பொலித்தீன் கட்டாமல் அப்போதும் அடிக்க முடியாது. கிடுகுக் கொட்டிலுக்குள் அடிப்பவர்கள் கூரையின் உட்பக்கத்திலும் பொலித்தீன் கட்டுங்கள். கொம்பிரசர் காற்றுப் பட்டவுடன் கிடுகுத் தூள் ஈரப் பூச்சில்தான் வந்து விழும்.

கேள்வி: கதவின் கீழ்ப்பகுதியில் துருப்பிடித்த இடத்தைத் தேய்த்து, புட்டி வைத்து, பெயின்ட் அடித்தேன். நாலு மாதத்தில் அதே இடத்தில் சின்னச் சின்னக் கொப்புளங்கள். குத்திப் பார்த்தால் உள்ளே தண்ணீர்.
– வாசகர், களுவாஞ்சிக்குடி

பதில்: கடலோர வீடுகளிலிருந்து இந்தக் கேள்வி வராத மாதமில்லை. மூன்று இடங்களில் பிழை நடந்திருக்கலாம்.

முதலாவது உப்பு. துருவின் குழிகளுக்குள் உப்பு இருக்கும், வெறும் தேய்ப்பில் அது போகாது. தகடு வெள்ளையாகத் தெரியும்வரை, துரு தெரிகிற எல்லைக்கு அப்பால் இரண்டு அங்குலமாவது எடுத்து, நல்ல தண்ணீரால் கழுவி, உடனே துடைத்துக் காயவைத்து, அன்றைக்கே எபொக்சி பிரைமர் (அடிப்பூச்சு) பூசுங்கள். வெள்ளைத் தகட்டை இரவு முழுக்கத் திறந்து விட்டால் விடிய மஞ்சள் படர்ந்திருக்கும். தகட்டில் ஓட்டை விழுந்திருந்தால் டிங்கரிங் செய்பவரிடம் கொடுத்துத் தகடு வைத்து ஒட்டுங்கள். ஓட்டையைப் புட்டியால் அடைத்தால் உட்பக்கத்திலிருந்து ஈரம் ஏறிக்கொண்டே இருக்கும்.

இரண்டாவது, புட்டியைத் தண்ணீர் விட்டுத் தேய்ப்பது. கட்டலோய் என்று கடையில் கேட்டு வாங்கும் இரண்டு பகுதிப் புட்டி தண்ணீரை உறிஞ்சும். உறிஞ்சிய தண்ணீர் மேலே பூச்சு வந்த பிறகு வெளியேற வழியில்லாமல் கொப்புளமாகும். புட்டியை எப்போதும் உலர்வாகவே தேய்க்க வேண்டும்: 80 தாள், பிறகு 180, பிறகு 320. 100 கிராம் புட்டிக்கு, அதை இறுக வைக்கும் ஹார்டனர் 2 கிராம் போதும். எங்கள் சூட்டில் நாலைந்து நிமிடத்தில் இறுகத் தொடங்கும், ஆகவே ஒரு தடவைக்குத் தேவையானதை மட்டும் குழையுங்கள். கெதியாக இறுக வேண்டுமென்று ஹார்டனரைக் கூட்டினால் அது பிறகு பெயின்டுக்குள் ஏறி, அந்த இடம் நிறம் மாறித் தெரியும். புட்டியின் தடிப்பு 3 மில்லிமீற்றரைத் தாண்டக் கூடாது.

மூன்றாவது, அநேகர் யோசிக்காதது: கிணற்றுத் தண்ணீர். பிரைமரைத் தண்ணீர் விட்டுத் தேய்ப்பது சரிதான். ஆனால் உவர்க் கிணற்றுத் தண்ணீர் காய்ந்தால் உப்பு அங்கேயே தங்கும். அதன் மேல் பூச்சு வந்ததும் அந்த உப்பு வெளி ஈரத்தைப் பூச்சினூடாக உள்ளே இழுக்கும். கடைசிக் கழுவலுக்காவது குழாய்த் தண்ணீரோ பிடித்து வைத்த மழைத் தண்ணீரோ பாவியுங்கள். சாதாரண பிரைமரும் ஈரத்தைத் தடுக்காது. பிரைமர் நிறத்தோடு காரை மழையில் கொண்டு திரிய வேண்டாம்.

தேய்க்கும்போது தாளை விரலால் அழுத்தாமல் ரப்பர் கட்டையில் சுற்றித் தேய்க்க வேண்டும். விரல் பட்ட இடமெல்லாம் பள்ளக் கோடாகும். பெயின்ட் மினுங்கிய பிறகுதான் அது கண்ணில் படும். இதைப் பிடிக்க ஒரு வழி உண்டு. காய்ந்த பிரைமரின் மேல் கறுப்பு ஸ்ப்ரே டின்னால் தூரத்திலிருந்து மெல்லிய புள்ளிகளாகத் தூவி, காய்ந்ததும் 600 தாளைக் கட்டையில் சுற்றித் தேய்த்துப் பாருங்கள். மேடுகளில் கறுப்பு உடனே போகும், பள்ளங்களில் தங்கி நிற்கும். கறுப்பு முழுக்கப் போகும் முன் பிரைமர் கிழிந்து தகடு தெரிந்தால் இன்னும் பிரைமர் தேவை. எல்லாம் சமமானதும் 800 தாளால் முடியுங்கள்.

கேள்வி: பூச்சு தோடம்பழத் தோல் மாதிரிப் புள்ளி புள்ளியாக நிற்கிறது. 2 குதிரைவலு, 25 லீற்றர் கொம்பிரசர், 1.4 மி.மீ. வாய்த் துளையுள்ள ஸ்ப்ரே கன். தின்னரைக் கூட்டினால் வடிகிறது.
– வாசகர், அக்கரைப்பற்று

பதில்: உங்கள் கொம்பிரசருக்கு அந்தக் கன் பெரியது. 1.4 கன் கேட்கிற காற்றை 2 குதிரைவலு தொடர்ந்து கொடுக்காது. விசையை இழுத்துப் பிடித்துக்கொண்டே கன்னுக்கருகில் உள்ள அமுக்க மானியைப் பாருங்கள், முள் சரிந்துகொண்டே போகும். காற்றுக் குறைந்தால் பெயின்ட் பொடியாக உடையாது. பெரிய துளிகளாகப் போய் விழுந்து, பரவ முன் இறுகிவிடும். 0.8 அல்லது 1.0 மி.மீ. சின்னக் கன் ஒன்றை எடுங்கள். ஒரு நேரத்தில் ஒரு கதவு அல்லது ஒரு மட்கார்ட் மட்டும் அடியுங்கள். ஒரு கோட் முடிந்ததும் தாங்கி நிரம்பும்வரை பொறுங்கள், இழுப்பின் நடுவில் நிறுத்தாதீர்கள்.

விசை இழுத்த நிலையில் கன்னில் 2 பார் அளவு நிற்கட்டும். என்.சி. பெயின்ட் ஒரு பங்குக்குத் தின்னர் ஒன்று முதல் ஒன்றரைப் பங்கு. டின்னில் வேறு அளவு எழுதியிருந்தால் அதுவே சரி. தகட்டிலிருந்து ஆறு முதல் எட்டு அங்குலம், கை வளைவாக வீசாமல் தகட்டுக்குச் சமாந்தரமாகப் போக வேண்டும், ஒவ்வொரு இழுப்பும் முந்தியதில் பாதியை மூட வேண்டும். பக்கத்தில் ஒரு டியூப் லைட்டைப் பிடித்து அதன் பிம்பம் ஈரப் பூச்சில் எப்படித் தெரிகிறதென்று பாருங்கள். விளிம்பு நேராகத் தெரிந்தால் பரவியிருக்கிறது, நெளிந்து உடைந்து தெரிந்தால் கை வேகத்தைச் சற்றுக் குறைக்க வேண்டும். கோட்டுக்கும் கோட்டுக்கும் இடையே பத்து நிமிடமாவது விடுங்கள். மறைப்பு டேப்பின் மேல் பட்ட பெயின்டை விரலால் தொட்டால் நூலாக இழுக்கக் கூடாது.

ஏற்கெனவே அடித்ததைக் காப்பாற்றலாம். ஒரு கிழமை காயவிட்டு, விளிம்புகளுக்கு டேப் ஒட்டி, சவர்க்காரம் சிறிது கலந்த தண்ணீரோடு 1500 தாளைக் கட்டையில் சுற்றித் தேய்த்து, பின் 2000 தாள், பின் கொம்பவுண்ட் என்கிற மினுக்கும் பசை. துடைத்துப் பார்க்கும்போது மினுங்கும் புள்ளிகள் மறைந்த அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். தேய்ப்பதற்குத் தடிப்பு வேண்டும். இரண்டு கோட் மட்டும் அடித்திருந்தால் பிரைமர் தெரிந்துவிடும்.

கேள்வி: அடித்தவுடன் பூச்சில் வட்ட வட்டமாகக் குழி விழுகிறது.
– வாசகர், ஏறாவூர்

பதில்: எண்ணெய் அல்லது சிலிக்கன். டாஷ்போர்ட், டயர் மினுக்கும் ஸ்ப்ரேக்களில் சிலிக்கன் உண்டு. பெயின்ட் அடிக்கும் இடத்தில் அவற்றைத் திறக்கவே கூடாது. தேய்க்க முன்பு ஒரு தடவை, தேய்த்த பின்பு ஒரு தடவை, கிறீஸ் அகற்றும் திரவத்தை ஒரு துணியால் பூசி, காய முன் இன்னொரு சுத்தமான துணியால் துடையுங்கள். கொம்பிரசர் தாங்கியின் அடித்திருகைத் திறந்து தண்ணீரையும் எண்ணெயையும் வடித்துவிடுங்கள். நீர் பிரிப்பானைக் கொம்பிரசரோடு ஒட்டிப் பூட்டினால் பயனில்லை, காற்று அங்கே இன்னும் சூடாகத்தான் இருக்கும். குழாயில் ஓடிக் குளிர்ந்த பிறகு, கன் பக்கமாகப் பூட்டுங்கள்.

கேள்வி: ஹார்டனர் கலந்து அடிக்கும் 2கே கிளியர் கோட்டை (நிறமில்லாத மேற்பூச்சை) வீட்டிலேயே அடிக்கலாமா? மாஸ்க் இருக்கிறது.
– வாசகர், காத்தான்குடி

பதில்: அடிக்க வேண்டாம். அதன் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. மூச்சில் போனால் ஆஸ்துமா வரலாம். ஒருமுறை உடல் ஒவ்வாமை கொண்டுவிட்டால் பிறகு சிறிதளவு பட்டாலும் மூச்சடைக்கும். மணத்தால் கண்டுபிடிக்க முடியாது. துணி மாஸ்க் எதற்கும் உதவாது. கரி வடியுள்ள மாஸ்க்கும் வடி தீர்ந்ததை உங்களுக்குச் சொல்லாது. வெளியிலிருந்து சுத்தமான காற்றைக் குழாய் வழியாகக் கொடுக்கும் முகமூடியும், புகை இழுக்கும் அறையும் வேண்டும். மதிலுக்கு மதில் வீடு இருக்கிற உங்கள் ஊரில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் அதையே சுவாசிப்பார்கள். ஸ்ப்ரே டின்னில் வரும் 2கே கிளியரும் இதே சரக்குத்தான்.

புட்டி, தேய்ப்பு வேலைகளை வீட்டில் நீங்களே செய்யுங்கள். மெட்டாலிக் நிறமானால் பேஸ் கோட்டையும் (நிறப் பூச்சையும்) கிளியரையும் அறை உள்ள கராஜில் அடிப்பியுங்கள். இரண்டு கோட்டுக்குமிடையே ஒரே நாளுக்குள் அடிக்க வேண்டிய கணக்கு இருப்பதால் பாதியை வீட்டிலும் பாதியைக் கராஜிலும் வைத்துக்கொள்ளாதீர்கள். எந்தப் பெயின்டானாலும் தின்னர் ஆவி நிலத்தோடு ஊர்ந்து தூரம் போகும். குசினி அடுப்பு அணைந்திருக்க வேண்டும், கொம்பிரசர் மோட்டர் பொலித்தீன் கூடாரத்துக்கு வெளியே இருக்க வேண்டும்.