வெளிநாட்டு சூப்பர் மார்க்கெட்டில் மணிக்கணக்கில் சுற்றுவது நேர விரயம்தானே?

கூட வந்தவர் கடைக்குள் நுழைந்து வெளியே வராததில் எரிச்சல்பட்டுத்தான் இதைக் கேட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நான் அவர் பக்கம்.

முதியோரைப் பராமரிக்கும் வேலைக்காக ஜப்பானில் நகோயாவில் இருந்தேன். லீவு நாளில் ஊர் சுற்ற ரயில் காசு வேண்டும்; சூப்பர் மார்க்கெட்டுக்குக் கால் போதும். ஓசியில் வேடிக்கை பார்த்தேன் என்று யாரும் சொல்ல வேண்டாம். இரவில் பாதி விலை ஸ்டிக்கர் ஒட்டியதும் ஏதாவது வாங்கிக்கொண்டுதான் வருவேன்.

அங்கே ஒரு சோற்று உருண்டையின் உறையில்கூட 1, 2, 3 என்று எண் போட்டிருக்கும். அந்த வரிசையில் இழுத்தால் சோற்றுக்கும் கடற்பாசித் தாளுக்கும் நடுவில் உள்ள பிளாஸ்டிக் இரண்டு பக்கமும் உருவி வந்துவிடும். தாள் மொறுமொறுவென்று அப்படியே சோற்றில் ஒட்டும். பால் பெட்டியின் மேல் விளிம்பில் அரைவட்டமாக ஒரு சின்ன வெட்டு இருக்கும். அது எதற்கென்று நான் பார்த்துக்கொண்ட, கண் தெரியாத பாட்டி ஒருவர்தான் என் விரலைப் பிடித்துத் தடவிக் காட்டினார். வெட்டு இருந்தால் பால், ஜூஸ் இல்லை.

ஒருநாள் தேயிலைத் தட்டில் இரண்டே எழுத்து: உ, ப. அவர்கள் வாயில் ஊவா அப்படித்தான் வரும். ஊவா எங்கள் இலங்கை மலைநாட்டுத் தேயிலைப் பகுதி; நான் அங்கே ஹப்புத்தளைக்காரி. கண் நிறைந்துவிட்டது. ஜூலை முதல் செப்டம்பர் வரை வறண்ட கச்சான் காற்று அடிக்கும்போதுதான் ஊவாத் தேயிலைக்கு அந்த மணம் ஏறும். அம்மா உதடு வெடித்து, முகத்தைத் துணியால் சுற்றிக்கொண்டு கொழுந்துக்குப் போன மாதங்கள் அவை. வீட்டில் நாங்கள் குடித்ததெல்லாம் டஸ்ட் தூள். அன்றைக்கு மட்டும் விலை பார்க்காமல் ஒரு பக்கெட் வாங்கினேன்.

அப்புறம் இன்னொன்று. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் மனசு ஆறவில்லை. ஊருக்கு வந்து டவுனில் ஒரு பிஸ்கட் பக்கெட் வாங்கினேன். அம்மாவுக்குச் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு. தமிழ் மட்டும்தான் வாசிப்பார். பின்பக்கத்தில் ‘கோதுமை’யின் கொம்பு கழன்று வேறெங்கோ நிற்கிறது. எழுத்தோ எறும்பு அளவு. சீனி எத்தனை கிராம் என்பது தமிழில் இல்லவே இல்லை. சின்ன விஷயம் என்பீர்கள். அம்மா பக்கெட்டைத் தூரப் பிடித்தும் கிட்டப் பிடித்தும் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். போனில் படம் எடுத்துப் பெரிதாக்கி, ஆங்கிலத்தில் இருந்ததை நான்தான் வாசித்துச் சொன்னேன்.