ஒரு டன் சவுக்கு இறக்கினோம், புகைதான் வருகிறது!

கேள்வி: திண்டிவனம் பக்கம் கிராமத்தில் இருக்கிறோம். சிலிண்டர் செலவைக் குறைக்கலாம் என்று பின்கட்டில் புகைபோக்கி வைத்து, கொடியடுப்போடு ஓர் அடுப்பு கட்டினோம். வெந்நீர், சோறு, மாட்டுக்குக் கஞ்சி எல்லாம் அதில்தான். ஆனி கடைசியில் ஒரு டன் சவுக்குக் கட்டை வாங்கினோம். காய்ந்தது என்றுதான் கொடுத்தார்கள். ஊதி ஊதி வாய் வலிக்கிறது, பாத்திரமெல்லாம் பிசுபிசுவென்று கரி. வேலிக்காத்தான் வாங்கியிருக்க வேண்டுமோ? ஐப்பசி மழைக்கு முன்னால் இதைக் காயவைத்துவிட முடியுமா? பழைய வீட்டை இடித்ததில் கதவு, ஜன்னல் சட்டம், கொஞ்சம் பிளைவுட் கிடக்கிறது. அதையும் எரிக்கலாமா?

பதில்: சவுக்கைக் குறை சொல்லாதீர்கள். நம் பக்கத்தில் அடுப்புக்கு அதைவிட நல்ல கட்டை கிடைப்பது அரிது. 19ஆம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்தில் சவுக்குத் தோப்புகள் பெருகியதற்கு, ரயில் என்ஜின்களுக்கு விறகு தேவைப்பட்டது முக்கியக் காரணம். வேலிக்காத்தானும் அதே தரம்தான். நன்றாகக் காய்ந்த நிலையில் இரண்டுமே கிலோவுக்குச் சுமார் 4,500 முதல் 5,000 கிலோகலோரி வெப்பம் தரும். வேலிக்காத்தானில் முள் தொல்லை உண்டு. செருப்பைத் துளைத்துக் காலில் ஏறினால் நாள்கணக்கில் வலிக்கும். அதனால் சவுக்கு கிடைக்கிற ஊரில் இருந்துகொண்டு அதைத் தேடிப் போக வேண்டியதில்லை.

உங்கள் தொல்லை ஈரம். வெட்டிய புதிதில் மரத்தின் எடையில் பாதிக்குப் பாதி தண்ணீராக இருக்கும். நீங்கள் வாங்கியதில் 40 சதவீதம் என்றே வைத்துக்கொள்வோம். ஒரு டன்னில் 400 கிலோ தண்ணீருக்குக் காசு கொடுத்திருக்கிறீர்கள். அதே கட்டை 15 சதவீத ஈரத்துக்குக் காய்ந்தால் எடை சுமார் 700 கிலோதான் நிற்கும். கடைக்காரருக்கு விறகைக் காயவைப்பதில் ஏன் அவசரமே இல்லை என்பது இப்போது புரியும்.

அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே சூடெல்லாம் போய்விடுகிறது என்று பலர் சொல்வார்கள். கணக்குப் போட்டால் அது மொத்த வெப்பத்தில் பத்தில் ஒரு பங்குக்குள்தான். பெரிய நஷ்டம் வேறு இடத்தில். கட்டை சூடேறும்போது அதன் எடையில் முக்கால் பங்குபோல வாயுவாகத்தான் கிளம்பும். நாம் பார்க்கிற தீ நாக்கு என்பது அந்த வாயு எரிவதுதான். அது முழுக்கப் பற்ற அடுப்புக்குள் 600 டிகிரி போல சூடு வேண்டும். ஈரம் அந்தச் சூட்டை ஏறவிடாது. எரியாத வாயு புகையாக வெளியேறி, குளிர்ந்த இடத்தில் தாராகப் படியும். உங்கள் பாத்திரத்தின் பிசுபிசுப்பு அதுதான். புகைபோக்கிக்குள்ளும் இதே படிந்துகொண்டிருக்கும். நாள்பட்டு அது கெட்டியானால் ஒருநாள் தானே தீப்பிடிக்கக்கூடும், ஆகவே மாதத்துக்கு ஒருமுறை தேங்காய்நார்க் கட்டு விட்டு இழுத்துவிடுங்கள்.

'சவுக்கு பச்சையாகவே எரியுமே' என்று யாராவது சொன்னால், அதிலும் உண்மை இருக்கிறது. செங்கல் சூளையிலும் கல்யாண வீட்டுக் கோட்டை அடுப்பிலும் எரியும். அங்கே கிடக்கிற தணலுக்கு எதைப் போட்டாலும் எரியும். இரண்டு படி அரிசி வேகிற வீட்டு அடுப்பில் அந்தத் தணலுக்கு எங்கே போவது?

சரி, வாங்கும்போது எப்படிக் கண்டுபிடிப்பது? கட்டையின் வெட்டுமுகத்தில் நட்சத்திரம் போல வெடிப்பு ஓடியிருந்தால் காய்ந்தது என்பார்கள். நம்பிவிட வேண்டாம். வெயிலில் பத்து நாள் கிடந்தாலே முனை வெடித்துவிடும், நடுக்கட்டை ஈரமாகவே இருக்கும். இரண்டு கட்டையை ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள். காய்ந்தது 'டங்'கென்று கணீரெனக் கேட்கும், ஈரக்கட்டை 'தொப்'பென்று மந்தமாகக் கேட்கும். பட்டை விரல் விட்டாலே உரிந்து வந்தால் நல்லது. கடைசியில் ஒன்றைப் பிளக்கச் சொல்லி, பிளந்த முகத்தைக் கன்னத்தில் வையுங்கள். சில்லென்று இருந்தால் ஈரம் போகவில்லை. கைக்குத் தெரியாதது கன்னத்துக்குத் தெரியும்.

இப்போது ஆடி. ஐப்பசி மழைக்கு இரண்டரை மாதம் இருக்கிறது, போதும். ஆனால் இன்றைக்கே பிளக்க ஆரம்பிக்க வேண்டும். முழுக்கட்டையாக அடுக்கி வைத்தால் அடுத்த ஆடிக்கும் உள்ஈரம் இருக்கும். பட்டை ஈரத்தை வெளியே விடாது. மரத்துக்குள் தண்ணீர் நீளவாக்கில்தான் சுலபமாக நகரும், குறுக்கே மெதுவாகத்தான் வரும். அதனால் முதலில் நீளத்தைக் குறையுங்கள், ஒன்றேகால் அடிக்கு மேல் வேண்டாம். உங்கள் அடுப்பு வாய்க்கும் அதுதான் வசதி. அப்புறம் பிளவு. மணிக்கட்டுக் கனம் இருந்தால் இரண்டாக, அதற்கு மேல் நாலாக. எந்தத் துண்டும் இரண்டு அங்குலத்தைத் தாண்டக்கூடாது. கட்டைவிரல் கனக் கிளைகளை அப்படியே விட்டுவிடலாம். சவுக்கு ஈரத்தில் நேர்கோடாகப் பிளக்கும். காய்ந்துவிட்டால் கோடாலி துள்ளும், ஆப்பு அடித்துத்தான் பிரிக்க வேண்டும். ஈரக்கட்டை வந்து சேர்ந்ததில் உங்களுக்கு உள்ள ஒரே லாபம் இதுதான். கணு உள்ள தூர்க்கட்டையோடு மல்லுக்கட்டாமல் வெந்நீர் காய்ச்சத் தனியாக ஒதுக்கிவிடுங்கள்.

அடுக்குவதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். குவியலாகக் கொட்டி மேலே தார்ப்பாயைப் போர்த்தித் தரைவரை இழுத்துக் கட்டிவிடுவார்கள். உள்ளே புழுங்கி, பூஞ்சணம் பிடித்து, விறகு மக்கும். தரையில் இரண்டு வரிசை செங்கல், அதன் மேல் ஒரு வரிசை கட்டை. அடுத்த வரிசை அதற்குக் குறுக்கே, விரல் போகிற இடைவெளி விட்டு. ஆடிக் காற்று வருகிற திசைக்கு அகலப் பக்கம் இருக்கட்டும். வெயிலைவிட அந்தக் காற்றுதான் அதிக வேலை செய்யும். மேலே மட்டும் ஒரு தகரம், கல் வைத்து. ஆவணி, புரட்டாசியில் உங்கள் பக்கம் சாயங்கால இடிமழை வரும். அதில் பக்கவாட்டில் நனைந்தால் கவலை இல்லை, மேல்ஈரம் மறுநாளே போய்விடும். வீட்டுச் சுவரோடு ஒட்டி அடுக்காதீர்கள், கரையான் அப்படியே நிலைப்படிக்கு ஏறும். தேளும் விரியனும் அடுக்கில் குடியிருக்கும் என்பது உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எடுப்பதற்கு முன் ஒரு குச்சியால் தட்டிவிட்டு எடுங்கள், இருட்டில் கையை விடவே வேண்டாம்.

காய்ந்ததா என்று பார்க்கக் கருவி எதுவும் தேவையில்லை. அடுக்கின் நடுவிலிருந்து மூன்று துண்டுகளை எடுத்துச் சாக்பீஸால் குறி போட்டு, சமையலறைத் தராசில் நிறுத்து எழுதி வையுங்கள். வாரம் ஒருமுறை நிறுத்தால் எடை குறைந்துகொண்டே வரும். எப்போது குறைவது நிற்கிறதோ, அப்போது உங்கள் ஊர்க் காற்றில் அது காயக்கூடிய அளவுக்குக் காய்ந்துவிட்டது. மழைக்காலத்தில் அன்றாடத் தேவைக்கு ஒரு வாரத்து விறகை அடுப்பு மேடையின் ஓரத்தில் அடுக்கிக்கொள்ளலாம். தீப்பொறி தெறிக்காத தூரத்தில்.

அதுவரை சமையல்? தென்னை மட்டை, பாளை, பன்னாடை, கொட்டாங்கச்சி. பன்னாடையில் தீ மூட்டி, மட்டையால் அடுப்பைச் சூடாக்கி, தணல் விழுந்ததும் ஒல்லியாகப் பிளந்த சவுக்கு இரண்டு, மூன்று துண்டு. அடுப்பு வாயைப் பாதிக்கு மேல் அடைக்காதீர்கள், மேல்பாதி காற்றுக்கு. அடியில் ஒரு இரும்புச் சல்லடை போட்டுக் கட்டையை இரண்டு அங்குலம் உயர்த்தினால் ஊதுகுழலுக்கு வேலையே குறைந்துவிடும்.

கதவு விஷயம். பெயின்ட் அடித்த எதையும் எரிக்க வேண்டாம். பழைய பெயின்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம், அது புகையிலும் வரும், சாம்பலிலும் தங்கும். அந்தச் சாம்பலைத்தான் பாத்திரம் தேய்க்கவும் கீரைப் பாத்திக்குப் போடவும் எடுப்போம். பிளைவுட்டில் பசை இருக்கிறது, அதுவும் கூடாது. தோட்டத்து அரளிக் குச்சியும் அப்படியே, அதன் புகையே நஞ்சு. ஜன்னல் சட்டம் தேக்கோ வேம்போ என்றால் எரிக்காமல் பழைய மரம் வாங்குகிறவரிடம் காட்டுங்கள். அவர் கொடுக்கிற காசில் அடுத்த தவணைச் சவுக்கு வாங்கலாம். அதைத் தை, மாசியில் வாங்குங்கள், கோடை முழுக்கக் காய நேரம் கிடைக்கும்.