மூச்சோடு ஏறி இறங்கும் நாடி

கேள்வி: எனக்கு வயது 19. கல்லூரியில் உடற்கூறியல் பாடம் தொடங்கியதிலிருந்து என் உடம்பை நானே தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நெஞ்சுக்குழியில் கெட்டியாக ஏதோ தட்டுப்படுகிறது. தொப்புளுக்கு மேலே துடிக்கிறது. மூச்சை இழுத்தால் நாடி வேகமாகிறது, விட்டால் மெதுவாகிறது. இணையத்தில் படித்ததெல்லாம் இதயக் கோளாறு என்றே சொல்கிறது. நண்பனிடம் இருந்த புரோப்ரனலால் மாத்திரையை நாலைந்து முறை போட்டுக்கொண்டேன். போன மாதம் ஓடும்போது மயங்கி விழுந்தேன். சாப்பிடாமல் போனதால் இருக்கலாம். என் சித்தப்பா 34 வயதில் திடீரென்று இறந்துவிட்டார். எனக்கும் அப்படி ஆகுமோ?

பதில்: முதலில் ஓடுவதை நிறுத்துங்கள். இந்த வாரமே இதய மருத்துவர் ஒருவரைப் பாருங்கள். அவர் சரி என்று சொல்லும்வரை ஓட்டம், பந்து, உடற்பயிற்சி எதுவும் வேண்டாம். நாடியையும் நெஞ்சுக்குழியையும் பற்றி அவ்வளவு எழுதிவிட்டு, என்னைக் கவலைப்படுத்தும் இரண்டு செய்திகளைக் கடைசியில் போகிறபோக்கில் சொல்லியிருக்கிறீர்கள்.

மயக்கங்களில் பெரும்பாலானவை பயப்படத் தேவையில்லாதவை. நெடுநேரம் நின்றால் ரத்தம் கால்களில் தேங்கும், அழுத்தம் இறங்கும். கண் இருட்டும், வியர்க்கும், காது அடைக்கும், அப்புறம்தான் ஆள் விழுவார், படுக்கவைத்தால் தெளிந்துவிடுவார். ஓடி முடித்துச் சட்டென்று நின்றதும் வரும் மயக்கமும் பெரும்பாலும் இந்த வகைதான். ஓடும்போது கால் தசைகள் சுருங்கிச் சுருங்கி ரத்தத்தை மேலே தள்ளிக்கொண்டிருக்கின்றன; கால் நின்றதும் அந்த உதவியும் நின்றுபோகிறது.

ஓடிக்கொண்டிருக்கும்போதே விழுவது வேறு கதை. ஓய்வில் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தத்தைத் தள்ளும் இதயம், வேகமாக ஓடும்போது அதைப்போல நாலு மடங்கு தள்ள வேண்டியிருக்கும். சரியாக அந்த நேரத்தில் மூளைக்கு ரத்தம் குறைந்தது என்றால் காரணத்தைத் தேடித்தான் ஆக வேண்டும். சிலருக்கு இதயத்தின் கீழறைகளுக்கு நடுவே உள்ள தசைச்சுவர் தடித்து, ரத்தம் வெளியேறும் வழியைக் குறுக்கியிருக்கும். சிலருக்குத் துடிப்பைக் கிளப்பும் மின்னோட்டத்தில் கோளாறு இருக்கும். இவற்றில் பல குடும்பத்தில் தொடர்ந்து வருபவை. சித்தப்பாவின் மரணத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்வது அதனால்தான். உங்களுக்கு நோய் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. வெறும் வயிறுகூடக் காரணமாக இருக்கலாம். ஆனால் இதயத்தின் மின்னோட்டத்தைப் பதியும் ஈசிஜியும், ஒலியலையால் இதயத்தைப் படம்பிடிக்கும் எக்கோவும் எடுத்துப் பார்க்காமல் அந்த முடிவுக்கு வர உங்களுக்கும் உரிமையில்லை, எனக்கும் இல்லை.

அந்த மாத்திரையை இனி தொடாதீர்கள். அது இதயத் துடிப்பைக் குறைக்கும், ரத்த அழுத்தத்தையும் இறக்கும்; மயங்கி விழுந்த ஒருவர் தானாகப் போட்டுக்கொள்ளும் மாத்திரையா அது? ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சுக்குழாயையே சுருக்கிவிடும். நண்பனுக்கு எழுதிக்கொடுத்த மருந்து நண்பனுக்குத்தான். எத்தனை முறை போட்டீர்கள் என்பதை மட்டும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

மூச்சோடு நாடி மாறுவது உங்கள் வயதில் ஆரோக்கியமான இதயத்தின் அடையாளம். மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கமாக இரண்டு விரலை வைத்துக்கொண்டு, மெதுவாக மூச்சை இழுங்கள்: துடிப்புகள் நெருங்கி வரும். விடுங்கள்: இடைவெளி விழும். இதயத்தின் வலது மேலறையில் உள்ள சிறு முடிச்சு ஒன்றிலிருந்துதான் ஒவ்வொரு துடிப்பும் கிளம்புகிறது. மூளையிலிருந்து இறங்கிவரும் வேகஸ் நரம்பு அதை எப்போதும் லேசாக இழுத்துப் பிடித்திருக்கிறது. மூச்சை இழுக்கும்போது பிடி தளர்கிறது, விடும்போது இறுகுகிறது. வயது ஏற ஏற இந்த வித்தியாசம் குறைந்துபோகும். இதையா இணையம் உங்களுக்கு நோய் என்று சொன்னது!

நெஞ்சுக்குழியில் தட்டுப்படுவது மார்பு நடுவெலும்பின் வால்நுனி. இளவயதில் அது பெரும்பாலும் குருத்தெலும்பு. சிலருக்கு முன்பக்கம் துருத்தியிருக்கும், சிலருக்கு நுனி இரண்டாகப் பிரிந்திருக்கும். அழுத்தி அழுத்திப் பார்த்தால் வலிக்கத்தான் செய்யும், விட்டுவிடுங்கள். தொப்புளுக்கு மேலே துடிப்பது பெருந்தமனி. முதுகெலும்பை ஒட்டி இறங்கி, தொப்புள் மட்டத்தருகே இரண்டாகப் பிரிகிறது. ஒல்லியான இளைஞர் மல்லாந்து படுத்தால் அது கண்ணுக்கே தெரியும்.

மருத்துவரிடம் போகுமுன் அப்பாவிடம் உட்கார்ந்து பேசுங்கள். சித்தப்பா இறக்கும்போது என்ன செய்துகொண்டிருந்தார்? அதற்கு முன் மயங்கியிருக்கிறாரா, வலிப்பு என்று யாராவது சொன்னார்களா? இதயத்தால் வரும் மயக்கத்தில் கைகால் வெட்டி இழுப்பதுண்டு. அதை வலிப்பு என்று நினைத்து விட்டுவிட்ட குடும்பங்கள் உண்டு. நீங்கள் விழுந்ததைப் பார்த்தவர் இருந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். விழுந்தது ஓட்டத்தின் நடுவிலா, நின்ற பிறகா என்று அவருக்குத்தான் தெரியும். இதற்கிடையில் மறுபடி மயங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, தேதிக்குக் காத்திருக்காமல் அன்றே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.