மஞ்சளும் வல்லாரையும் மறதியைத் தடுக்குமா?

கேள்வி: என் தந்தைக்கு 74 வயது. ஓராண்டாகப் பெயர்களை மறந்துவிடுகிறார்; கேட்டதையே திரும்பக் கேட்கிறார். மாரடைப்புக்குப் பிறகு, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டு வருகிறார். வல்லாரைத் துவையலும் மஞ்சள் பாலும் கொடுக்கிறோம். வெளிநாட்டிலிருக்கும் தம்பி குர்குமின், கிங்கோ மாத்திரைகளை அனுப்பியிருக்கிறான். கொடுக்கலாமா? – வாசகி, தஞ்சாவூர்

பதில்: துவையலையும் பாலையும் நிறுத்த வேண்டியதில்லை. தம்பி அனுப்பிய மாத்திரைகளை மட்டும், மருத்துவரைக் கேட்காமல் தயவுசெய்து கொடுக்காதீர்கள்.

ஒரு மரத்தின் இலைச்சாற்றிலிருந்து செய்யப்படும் கிங்கோவைப் பற்றித் தெளிவான விடையே கிடைத்துவிட்டது. அமெரிக்காவில் 75 வயதைக் கடந்த 3,069 பேருக்கு, ஒரு பாதியினருக்குக் கிங்கோவும் மறுபாதியினருக்கு வெற்று மாத்திரையும் கொடுத்து, ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் கவனித்தார்கள். 2008இல் முடிவு வெளியானபோது, கிங்கோ மறதிநோயைத் தடுக்கவில்லை என்பது உறுதியாயிற்று. ரத்தம் உறையாமலிருக்க மருந்து உண்பவர்களுக்கு அது ரத்தக்கசிவு அபாயத்தையும் கூட்டக்கூடும் என்பதால், உங்கள் தந்தையைப் பொறுத்தவரை இது வீண் துணிச்சல்.

மஞ்சளில் இருக்கும் பொருளான குர்குமினின் கதை சற்றுச் சிக்கலானது. சோதனைக்கூடத்திலும் எலிகளிலும் அது அழற்சியைக் குறைத்து, அல்சைமர் என்னும் மறதிநோயில் மூளையில் படியும் புரதத்தையும் குறைக்கிறது. ஆனால் மஞ்சள்தூளில் அது நூற்றுக்கு மூன்று பங்கு அளவே இருக்கிறது, அதிலும் மிகச் சிறு பகுதியே ரத்தத்தில் சேருகிறது. 2018இல் கலிஃபோர்னியா ஆய்வாளர்கள், எளிதில் உறிஞ்சப்படும் வகைக் குர்குமினை 18 மாதங்கள் கொடுத்தபோது நினைவாற்றல் சற்று மேம்பட்டது உண்மைதான். பங்கேற்றவர்கள் 40 பேர்தான். அவர்களில் எவருக்கும் மறதிநோய் இல்லை. அல்சைமர் வந்துவிட்டவர்களிடம் நடந்த சிறிய ஆய்வில் பலன் தெரியவில்லை. உறிஞ்சுதலைக் கூட்டுவதற்காக மிளகின் பைப்பரினைச் சேர்த்த மாத்திரைகள், கல்லீரல் பிற மருந்துகளைச் சிதைக்கும் வேகத்தையும் மாற்றக்கூடும். இத்தகைய செறிவூட்டிய மாத்திரைகளால் கல்லீரல் பாதிக்கப்பட்ட நிகழ்வுகள் இத்தாலியிலும் அமெரிக்காவிலும் பதிவாகியிருக்கின்றன. குழம்பில் போடும் மஞ்சளுக்கு இந்த அச்சம் வேண்டாம்.

நினைவாற்றலுக்குச் சொல்லப்படும் மூலிகைகளில் வல்லாரை வேறு, நீர்ப்பிரமி வேறு. வடக்கே இரண்டையும் ‘பிரமி’ என்றே அழைப்பதால் கடையில் குழப்பம் நேர்கிறது. நீர்ப்பிரமிச் சாற்றை ஏறத்தாழ மூன்று மாதங்கள் உண்ட ஆரோக்கியமான பெரியவர்களிடம் நினைவாற்றலில் சிறு முன்னேற்றம் காணப்பட்டது; சிலருக்கு வயிற்றுக் கோளாறும் வந்தது. இந்த முடிவை வல்லாரைக்கு அப்படியே பொருத்திவிட முடியாது.

தாவரங்களை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அல்சைமருக்கு மருத்துவர்கள் எழுதித் தரும் காலன்டமைன், ஒரு பூச்செடியின் கிழங்கில் கண்டறியப்பட்டதுதான். அதுகூட அறிகுறிகளைச் சிறிது காலம் தணிக்குமே தவிர, நோயை நிறுத்தாது.

எனக்கு இதைவிடக் கவலை தருவது, அந்த ஓராண்டு மறதிக்கு இன்னும் காரணம் தேடப்படாததுதான். வைட்டமின் பி12 குறைபாடு, தைராய்டு சுரப்புக் குறைவு, மனச்சோர்வு, சில தூக்க மாத்திரைகள் ஆகியவையும் இதே மறதியைத் தரும். இவற்றைச் சரிசெய்ய முடியும். இந்த வாரமே நரம்பியல் மருத்துவரிடமோ முதியோர் நல மருத்துவரிடமோ அவரை அழைத்துச் செல்லுங்கள். அவர் உண்ணும் எல்லா மருந்துகளுடன் தம்பி அனுப்பிய டப்பாக்களையும் மறவாமல் எடுத்துச் செல்லுங்கள்.