ஆட்டோமேட்டிக் காரில் ‘பார்க்’ விழுந்ததா என்பது ஏன் கைக்குத் தெரிவதில்லை?

கியர் லீவரைத் தள்ளியதும் அது பழைய இடத்துக்கே திரும்பிவிடுகிறது, எந்த கியர் விழுந்தது என்றே புரியவில்லை, போதாக்குறைக்கு மோதல் எச்சரிக்கை வேறு அலறுகிறது என்று காட்பாடியிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். உங்கள் எரிச்சல் முழுக்க நியாயமானது.

முன்பு லீவரிலிருந்து கியர்பாக்ஸுக்கு ஒரு கேபிள் போகும். லீவர் நிற்கும் இடமே கியர். இப்போது பல கார்களில் அது வெறும் மின்சார சுவிட்ச். கியரைச் சொல்வது விளக்கு மட்டுமே. ஓட்டுநர்களைக் குழப்பிய இத்தகைய லீவருக்காக ஃபியட் கிரைஸ்லர் நிறுவனம் 2016 ஏப்ரலில் உலகெங்கும் சுமார் 11 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது. அந்தப் பட்டியலில் இருந்த ஜீப் ஒன்று அதே ஜூனில் வீட்டு வாசல் சரிவில் உருண்டுவந்து, நடிகர் ஆன்டன் யெல்சினின் உயிரைப் பறித்தது. கைக்கு இருந்த உணர்வைப் பிடுங்கிக்கொண்ட வடிவமைப்பை முன்னேற்றம் என்று என்னால் ஏற்க முடியாது.

‘பார்க்’ நிலையில் வண்டியைப் பிடித்து நிறுத்துவது, கியர்பாக்ஸுக்குள் பல்சக்கரத்தில் மாட்டும் ஒரு சிறு இரும்புக் கொக்கிதான். ஏலகிரிச் சரிவில் நிறுத்தும்போது பிரேக்கை மிதித்தபடியே நியூட்ரலுக்கு வந்து, ஹேண்ட்பிரேக்கைப் போட்டு, காலைத் தளர்த்தி வண்டி அசையவில்லை என்று பார்த்து, மறுபடி பிரேக்கை மிதித்துப் பார்க்குக்கு மாற்றுங்கள். எடை கொக்கியில் ஏறாது. டாஷ்போர்டில் ‘பி’ எரிந்த பிறகே கதவைத் திறங்கள். (மேனுவல் கியர்பாக்ஸையே கிளட்ச் மிதி இல்லாமல் தானாக இயங்க வைக்கும் ஏஎம்டி கார்கள் பலவற்றில் ‘பார்க்’ நிலையே கிடையாது; ஹேண்ட்பிரேக்கைப் போட்டு, கியரிலேயே விட்டு இன்ஜினை அணைக்க வேண்டும்.)

அடுத்து, ஆற்காடு சாலையில் ஆட்டோ குறுக்கிட்டாலே அலறும் மோதல் எச்சரிக்கையைப் பல கார்களின் மெனுவில் தணிக்கலாம். முழுதாக அணைத்துவிடாதீர்கள், பெங்களூரு நெடுஞ்சாலையில் முன்னே போகும் லாரி திடீரென நின்றால் அது வேண்டியிருக்கும்.