போஸ்டர் கொலாஜில் பூஞ்சை: பசையைக் கவனிங்க

செவ்வாய்ப்பேட்டை சுவர்ல உரிச்ச சினிமா போஸ்டரை ஏற்காட்டு வீட்ல பலகையில ஒட்டி கொலாஜ் (ஒட்டுச்சித்திரம்) பண்ணினதும் பூஞ்சையும் பூச்சியும் வருதுன்னு கேட்டிருந்தீங்க. குத்தம் உங்க மேல இல்லீங்க, பின்னாடி ஒட்டியிருக்கிற மைதாப் பசைதான். மலை ஈரத்துல அது பூஞ்சைக்கு விருந்து. சிலர் அதுல மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கலப்பாங்க, விஷம், கையுறை போட்டுக்குங்க.

போஸ்டரை வெதுவெதுப்பான தண்ணியில ஊறவெச்சு, பசையை ஸ்பாஞ்சால வழிச்செடுங்க. மை கரையுதான்னு முதல்ல ஓரத்துல பாருங்க. நிழல்ல நல்லா காயட்டும். அப்புறம் தண்ணி கலந்த ஃபெவிகால். பலகைக்குப் பின்பக்கமும் ஒரு தாள் ஒட்டுங்க, இல்லேன்னா வளைஞ்சுடும்.

கிழிசல் அசிங்கம்னு எழுதினதுதான் எனக்குப் பிடிக்கல! பாரிஸ்ல ழாக் வில்லேக்லேங்கிற பிரெஞ்சு ஓவியக் கலைஞர் 1949லயே கிழிஞ்ச போஸ்டரை உரிச்சுத்தான் படைப்பாக்கினார். ஒண்ணு மேல ஒண்ணா ஒட்டின போஸ்டர் அடுக்கு பிரியக்கூடாதுன்னா ஊறவைக்காதீங்க, போஸ்டரோட பின்பக்கம் ஈரத்துணியால துடைச்சாப் போதும்.