சேகரிப்பை விற்பதா, நிறைவு செய்வதா?

கேள்வி: நான் தெம்பனிசில் வசிக்கும் 20 வயது இளைஞன். பலதுறைத் தொழிற்கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டுத் தேசிய சேவைக்காகக் காத்திருக்கிறேன். உயர்நிலைப் பள்ளி நாள்களிலிருந்து ‘ஹார்த்ஸ்டோன்’ என்னும் மின்னிலக்கக் கார்டு விளையாட்டை விளையாடி வருகிறேன். பகுதிநேர வேலைச் சம்பளம், தீபாவளி அன்பளிப்புப் பணம் என்று ஏறத்தாழ 2,000 வெள்ளி அதில் போயிருக்கும். என் சேகரிப்பின் மதிப்பு 240,000 டஸ்ட் (கார்டுகளை உருவாக்க விளையாட்டுக்குள் பயன்படும் நாணயம்) என்று ஒரு கணக்கிடும் செயலி காட்டுகிறது. என் கணக்கை ஒருவர் 600 வெள்ளிக்குக் கேட்கிறார். அச்சிட்ட கார்டுகளைச் சேர்க்கும் என் மாமாவோ, கார்டு விலை ஏறத்தான் செய்யும், விற்காதே என்கிறார். எனக்குப் போட்டிகளில் இறங்க ஆசை. ஆனால் சேகரிப்பு முழுமையாக இருந்தால்தான் போட்டியில் நிற்க முடியும் என்று நண்பன் சொல்கிறான். நான் விற்பதா, இன்னும் செலவழித்து நிறைவு செய்வதா?

பதில்: அன்புள்ள தம்பிக்கு,

இரண்டும் வேண்டாம் என்பதே என் பதில். காரணங்களைச் சொல்லும் முன் அந்த 240,000 என்ற எண்ணைச் சரிபார்த்துவிடுவோம்.

செயலி காட்டுவது, உங்களிடமுள்ள கார்டுகளையெல்லாம் புதிதாக உருவாக்க எவ்வளவு டஸ்ட் ஆகும் என்ற கணக்கு. அவற்றைக் கலைத்தால், அதாவது அழித்து டஸ்டாக மாற்றினால், கைக்கு வருவது வேறு. ஆக அரிய வகையான லெஜண்டரி கார்டு ஒன்றை உருவாக்க 1,600 டஸ்ட் தேவை. கலைத்தால் 400தான் கிடைக்கும். அடுத்தடுத்த வகைகளில், எபிக் கார்டுக்கு 400 கொடுத்து 100 பெறுகிறீர்கள், ரேர் கார்டுக்கு 100 கொடுத்து 20, காமன் கார்டுக்கு 40 கொடுத்து வெறும் 5. அலங்கார வடிவமான தங்க நிறக் கார்டுகளை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், உங்கள் சேகரிப்பைக் கலைத்து 60,000 டஸ்டுக்கு மேல் பெற வழியே இல்லை. 2021 முதல் எல்லா ஆட்டக்காரர்களுக்கும் இலவசமாகத் தரப்படும் அடிப்படைக் கார்டுகளான கோர் தொகுப்பைக் கலைக்கவே முடியாது. அப்படிக் கிடைக்கும் டஸ்டும் அந்த விளையாட்டுக்குள்ளேயேதான் செலவாகும். ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. விளையாட்டை நடத்தும் நிறுவனம் ஒரு கார்டின் வலுவைக் குறைக்கும்போது, அதாவது நெர்ஃப் செய்யும்போது, சில நாள்களுக்கு அந்தக் கார்டைக் கலைத்தால் உருவாக்கும் விலை முழுவதும் திரும்பக் கிடைக்கும். அந்த அறிவிப்புகளை மட்டும் தவறவிடாதீர்கள்.

உங்கள் மாமா சொல்வது அச்சிட்ட கார்டுகளுக்குப் பொருந்தலாம். அவருடைய கார்டுகள் அவருடைய அலமாரியில் இருக்கின்றன; அவற்றை யாரிடமும் அனுமதி கேட்காமல் விற்கலாம். உங்களுடையவை நிறுவனத்தின் சேவைக் கணினியில் இருக்கின்றன. நீங்கள் ஏற்றுக்கொண்ட ஒப்பந்தத்தின்படி உங்களுக்கு இருப்பது பயன்படுத்தும் உரிமம் மட்டுமே. 2023 ஜனவரியில் சீனாவில் உள்ளூர்ப் பங்காளியுடனான ஒப்பந்தம் முடிந்தபோது, அங்குள்ள ஆட்டக்காரர்கள் அனைவரின் சேகரிப்பும் ஒரே நாளில் எட்டாத இடத்துக்குப் போனது. 2024 செப்டம்பரில்தான் சேவை திரும்பியது. சந்தையில் விற்க அனுமதி இருந்தால் மட்டும் மதிப்பு நிலைத்துவிடும் என்றும் எண்ண வேண்டாம். வால்வ் நிறுவனம் 2018 நவம்பரில் வெளியிட்ட ‘ஆர்ட்டிஃபாக்ட்’ விளையாட்டில் கார்டுகளை உண்மையான பணத்துக்கு வாங்கவும் விற்கவும் முடிந்தது. ஆட்டக்காரர்கள் விலகிச் செல்ல, விலைகள் சரிந்தன. 2021 மார்ச்சில் நிறுவனம் மேம்பாட்டுப் பணியை நிறுத்தி, எல்லாக் கார்டுகளையும் எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்துவிட்டது.

அப்படியென்றால் 600 வெள்ளியை வாங்கிக்கொண்டு நகர்ந்துவிடலாமே என்று தோன்றும். கணக்கைக் கைமாற்றுவது விதிமீறல். அது தெரியவந்தால் கணக்கு முடக்கப்படலாம், முடக்கப்பட்டால் வாங்கியவர் பணத்தைத் திருப்பிக் கேட்டு உங்கள் வீட்டு வாசலில்தான் நிற்பார். பணம் தருவதற்கு முன்பே கடவுச்சொல்லையோ கைப்பேசிக்கு வரும் ஒருமுறைக் குறியீட்டையோ அவர் கேட்டால், பேச்சை அத்துடன் நிறுத்திக்கொள்ளுங்கள். சந்தேகம் இருந்தால் 1799 என்ற ஸ்கேம்ஷீல்டு உதவி எண்ணை அழைத்து விசாரிக்கலாம்.

இனிப் போட்டி. இதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் உங்கள் சேகரிப்புக்கு ஒரு மதிப்பு உண்டென்றால் அது இங்கேதான் இருக்கிறது. ஹார்த்ஸ்டோன் 2018 ஜக்கார்த்தா ஆசிய விளையாட்டுகளில் காட்சிப் போட்டியாகவும், 2019 பிலிப்பீன்ஸ் தென்கிழக்காசிய விளையாட்டுகளில் பதக்கப் போட்டியாகவும் இடம்பெற்றது. ஆகவே உங்கள் ஆசையைச் சிறுபிள்ளைத்தனம் என்று யாரும் ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் நண்பர் சொன்னது தவறு. பரவலாகப் பின்பற்றப்படும் ‘கான்குவெஸ்ட்’ முறையில் ஒருவர் நான்கு வெவ்வேறு கிளாஸ்களுக்கு (கதாபாத்திர வகைகளுக்கு) நான்கு டெக்குகளை, அதாவது ஆட்டத்துக்கான கார்டுக் கட்டுகளை, பதிவு செய்கிறார். டெக்குக்கு 30 கார்டுகள் என்றால் மொத்தம் 120. இரட்டைப் பிரதிகளைக் கழித்தால் அதைவிடக் குறைவு. நான்கு பேருக்கு மீன்குழம்பு வைக்கத் தேக்கா சந்தையையே விலைக்கு வாங்க வேண்டியதில்லை.

அந்த முறையின் நுட்பத்தைக் கவனியுங்கள். எதிராளி உங்கள் டெக்குகளில் ஒன்றை விலக்குவார். மீதமுள்ள மூன்றாலும் தலா ஓர் ஆட்டம் வென்றாக வேண்டும். வென்ற டெக்கை மறுபடி எடுக்க முடியாது. அதனால் உங்களிடம் மூன்று அருமையான டெக்குகளும் ஒரு சொத்தையான டெக்கும் இருந்தால், எதிராளி சிறந்ததை விலக்கிவிட்டுச் சொத்தையை உங்கள் கழுத்தில் கட்டிவிடுவார். ஓர் ஆட்டத்தில் வெல்ல 30 விழுக்காடு வாய்ப்பே உள்ள டெக் அது என்று வைத்துக்கொள்வோம். ஐந்து ஆட்டச் சுற்றில், மற்ற இரண்டு டெக்குகளும் ஒரு தோல்விகூட இல்லாமல் வென்றாலும், அதற்கு மூன்று முயற்சிகள்தான் மிஞ்சும். அவற்றில் ஒன்றிலாவது வெல்லும் வாய்ப்பு 66 விழுக்காட்டைத் தாண்டாது. ஆகவே முதல் டெக்கின் கார்டுகளைத் தங்க நிறத்துக்கு மாற்ற ஆசைப்படும் டஸ்டை நான்காவது டெக்கைத் தேற்றுவதற்குச் செலவிடுங்கள். லெஜண்டரி அதிகம் தேவைப்படாத வேகமான டெக் ஒன்று அந்த இடத்துக்குப் பெரும்பாலும் போதும். ஆனால் மற்ற மூன்றும் எந்த எதிரி டெக்குக்கு அஞ்சுகின்றனவோ அதற்கே இதுவும் அஞ்சுவதாக இருக்கட்டும். அப்போதுதான் நீங்கள் விலக்க வேண்டியது எது என்பதில் குழப்பம் இருக்காது. போட்டி ஆட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுதான்: முதல் கார்டை எடுக்கும் முன்பே பாதி ஆட்டம் முடிந்திருக்கும்.

நிறைவு செய்யும் எண்ணத்தைப் பற்றியும் ஒரு சொல். ஒரு தொகுப்பில் தொடக்கத்தில் பிரிக்கும் பேக்குகள் (கார்டுப் பொட்டலங்கள்) புதிய கார்டுகளைத் தருகின்றன. காமன், ரேர் கார்டுகள் நிறைந்த பிறகு பிரிப்பவை பெரும்பாலும் 5 டஸ்டும் 20 டஸ்டுமாகவே உதிர்கின்றன. கடைசிச் சில லெஜண்டரிகளுக்காகத் தரும் பணம்தான் ஆகக் குறைந்த பயனைத் தருவது. அதற்கு மேல் ஆண்டுதோறும் மார்ச் அல்லது ஏப்ரல் வாக்கில் பழைய தொகுப்புகள், அண்மைத் தொகுப்புகளை மட்டும் ஏற்கும் ஸ்டாண்டர்டு முறையிலிருந்து விலகுகின்றன. ஆண்டின் முதல் தொகுப்பில் உருவாக்கிய கார்டு ஏறத்தாழ 2 ஆண்டுகள் பயன்படும்; ஆண்டுக் கடைசித் தொகுப்பின் கார்டுக்குக் கிடைப்பது 16 மாதங்கள் போலத்தான். தேசிய சேவையில் அடிப்படை ராணுவப் பயிற்சி நடக்கும் வாரங்களில் உங்களால் அதிகம் ஆட முடியாது, ஆனால் கார்டுகளின் காலம் ஓடிக்கொண்டேயிருக்கும். எனவே முன்பதிவுச் சலுகை என்று 50, 80 அமெரிக்க டாலருக்கு வரும் தொகுப்புகளை இப்போது தொட வேண்டாம். பழைய தொகுப்புகள் விலகியதும் புழக்கத்திலுள்ள கார்டுகள் குறைந்திருக்கும். இருக்கும் டஸ்டைக் கொண்டு நான்கு டெக்குகளை அமைக்க அதுவே ஏற்ற நேரம்.

பதிவு செய்யும் முன் போட்டி எந்த வட்டாரச் சேவையில் நடக்கிறது என்று விதிகளில் பார்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்க, ஐரோப்பிய, ஆசிய வட்டாரங்களுக்குச் சேகரிப்பு தனித்தனி. நீங்கள் இத்தனை ஆண்டுகளாக அமெரிக்க வட்டாரத்தில் ஆடியிருந்தால், ஆசிய வட்டாரப் போட்டிக்கு உங்கள் கார்டுகளில் ஒன்றுகூட உடன் வராது.